மூன்று சென்ட் தபால்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கடிதங்கள், ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்தக் காலத்துச் சிப்பாய்க் கடிதங்களை நினைத்து யாராவது ஒருவர் உருகுவார். பெரும்பாலும் அவர் மனதில் இருப்பது ஒரே ஒரு கடிதம். 1861 ஜூலை 14 அன்று வாஷிங்டன் முகாமிலிருந்து சல்லிவன் பல்லூ என்ற மேஜர் தன் மனைவி சாராவுக்கு எழுதியது. நாட்டுக்காகச் சாகவும் தயார், உன்னை விட்டுப் போகவும் மனமில்லை என்று தவிக்கும் கடிதம். எழுதிய ஒரே வாரத்தில் புல் ரன் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலைப் பிய்த்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் இறந்துவிட்டார். 1990இல் ஒரு தொலைக்காட்சி ஆவணத் தொடரில் அதை வாசித்தபிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அழகான கடிதம்தான், சந்தேகமில்லை. ஆனால் பல்லூ ஒரு வழக்கறிஞர். ரோட் ஐலண்ட் சட்டமன்றத்தில் சபாநாயகராக இருந்தவர். வார்த்தைதான் அவருக்குத் தொழில். அது போக, அந்தக் கடிதம் தபாலில் சேரவே இல்லை, அவருடைய பெட்டியில் கிடந்து பிறகுதான் சாராவின் கைக்கு வந்தது என்று சொல்கிறார்கள். தபாலில் போகாத ஒரு கடிதத்தை அளவுகோலாக வைத்து, தபாலில் போன லட்சக்கணக்கான கடிதங்களை நாம் அளந்துகொண்டிருக்கிறோம்.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது? காலுறை. பன்றி. வராத சம்பளம். வயிற்றுப்போக்கு. பக்கத்து நிலத்துக்காரன் கடனைத் திருப்பிக் கொடுத்தானா என்ற விசாரிப்பு. எங்கள் பாட்டி வீட்டு உத்தரத்தில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதத்தையெல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். எடுத்துப் பார்த்தால் பாதி, "நெல் அவித்தாயா, வட்டி கட்டியாயிற்றா" ரகம். அமெரிக்கச் சிப்பாய்க் கடிதங்களும் அந்தக் கம்பியைச் சேர்ந்தவைதான். வீட்டைத் தூரத்திலிருந்து நடத்த அவர்களுக்குக் கிடைத்த ஒரே கயிறு அது. அந்தக் கயிறு எப்படி வேலை செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

## போர், நாலு வரியில்

அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ள 11 தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து தனி நாடென்று அறிவித்துக்கொண்டன. 1861 ஏப்ரலில் சண்டை மூண்டது. 1865 ஏப்ரலில் தெற்கின் முதன்மைத் தளபதி சரணடைந்தார். வடக்குப் படையில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களில் ஆயுட்காலச் சிப்பாய்கள் மிகச் சிலர்தான். ஏர் பிடித்தவன், தச்சன், பள்ளி வாத்தியார், கடைப் பையன் என்று, வீட்டைவிட்டு முதல் முறையாக வெளியே கிளம்பியவர்களே அதிகம். கிளம்பியவனுக்குப் பின்னால் ஒரு வயலோ பட்டறையோ குடும்பமோ ஆளில்லாமல் நின்றது.

## ஒரு கடிதம், ஒரு நாள் கூலி

"அந்தக் காலத்து ஆட்கள் எழுத்தில் நாட்டமுள்ளவர்கள், அதனால் எழுதித் தள்ளினார்கள்" என்று பொதுவாகச் சொல்வதுண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. மீதிப் பாதி தபால் கட்டணம்.

1845க்கு முன்பு அமெரிக்காவில் கட்டணத்தைத் தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் பார்த்து வாங்கினார்கள். 400 மைலைத் தாண்டினால் ஒரு தாளுக்கு 25 சென்ட் (நூறு சென்ட் ஒரு டாலர்). இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. உறை போட்டால் அதுவும் ஒரு தாள். அதனால் எழுதிய தாளையே நம் இன்லண்ட் லெட்டர் மாதிரி மடித்து, ஒட்டி, முதுகில் முகவரி எழுதி அனுப்பினார்கள். அப்போது சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் ஏறக்குறைய 7 டாலர். வகுத்துப் பாருங்கள்: தொலைவிலிருக்கும் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டால் ஒரு நாள் சம்பளம் காலி.

1845இல் கட்டணம் குறைந்தது, தாள் கணக்கு போய் எடைக் கணக்கு வந்தது. 1851இல் மேலும் இறங்கி, அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதத்துக்கு முன்பணமாகக் கட்டினால் 3 சென்ட் என்றாயிற்று. 3,000 மைல் வரை அதே 3 சென்ட். போர் வந்தபோது சிப்பாயின் சம்பளம் 13 டாலர், அதாவது நாளுக்கு 43 சென்ட் சொச்சம். ஒரு நாள் கூலியாக இருந்த கடிதம் ஒரு வேளைத் தீனிச் செலவுக்கும் கீழே வந்துவிட்டது. இருபதே ஆண்டுக்குள் நடந்த மாற்றம் இது.

படிப்பும் கூடச் சேர்ந்துகொண்டது. வடக்கின் வெள்ளைச் சிப்பாய்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்றும், தெற்கில் 80 பேருக்கு மேல் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். விலையும் படிப்பும் ரயிலும் சேர்ந்த பிறகு கேட்கவேண்டுமா? கிழக்கே போரிட்ட வடக்குப் படைகளின் தபால் வாஷிங்டன் வழியாக நாளொன்றுக்கு 45,000 கடிதம் போனது, மேற்குப் படைகளின் தபால் லூயிவில் வழியாக அதைப்போல் இரு மடங்கு போனது என்கிறது அந்தக் காலத்து மதிப்பீடு ஒன்று.

## பேரிங் கடிதம், அபராதமில்லாமல்

கட்டணம் மலிவுதான். ஆனால் தபால்தலை ஒட்டாமல் கடிதம் போகாது. முகாமில் தபால்தலைக்கு எங்கே போவது? மழையும் வியர்வையும் பட்டால் பசை இளகி, தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சம்பளம் வருவதற்கு மாதங்கள் ஆகும். 1862இல் வேறொரு தொல்லையும் வந்தது. மக்கள் நாணயங்களைப் பதுக்கிவிட்டதால் சில்லறை இல்லாமல், தபால்தலையையே காசாகக் கைமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் ஊரில் பேரிங் கடிதம் என்றால் முந்தைய தலைமுறைக்குத் தெரியும். தலை ஒட்டாமல் போட்ட கடிதத்துக்கு, வாங்குகிறவர் தபால்காரரிடம் காசு கொடுக்க வேண்டும், அதுவும் இரட்டிப்பாக. 1861 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், சிப்பாய்களுக்கு ஏறக்குறைய அந்த வசதியைத்தான் அபராதமில்லாமல் கொடுத்தது. உறைமேல் 'சோல்ஜர்ஸ் லெட்டர்' என்று எழுதி, அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டால் தலையில்லாமலே போகும். வீட்டில் வாங்குகிறவர்கள் அதே 3 சென்ட் கட்டினால் போதும். கடற்படையினருக்கும் அடுத்த ஆண்டு இந்தச் சலுகை நீண்டது.

இதை இலவசத் தபால் என்று பலரும் எழுதுகிறார்கள். இலவசமில்லை. செலவு வீட்டின் தலையில் விழுந்தது. சம்பளம் வராத சிப்பாயின் வீட்டில் 3 சென்ட்டும் எண்ணிப் பார்க்க வேண்டிய காசுதான். அதனால்தான் கடிதம் கடிதமாகத் தபால்தலை அனுப்பு, தாள் அனுப்பு என்று சிப்பாய்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

## இடம் மாறிக்கொண்டே இருப்பவனுக்கு என்ன முகவரி?

பட்டாளத்தில் பிள்ளை இருக்கும் வீட்டில் கேட்டால் படைப்பிரிவின் பெயரைச் சொல்லி, "மேற்பார்வை, 56 ஏ.பி.ஓ." (ராணுவத் தபால் நிலையம்) என்று முகவரி சொல்வார்கள். பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். படைப்பிரிவின் பெயரைப் பார்த்து ராணுவத் தபால் தேடிப்போய்க் கொடுத்துவிடும்.

1860களின் அமெரிக்காவிலும் அதே யோசனைதான். உறைமேல் பெயர், கம்பெனி, ரெஜிமென்ட், எந்தப் படை, பிறகு 'வாஷிங்டன்'. ரெஜிமென்ட் என்பது தொடக்கத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு. அதை நூறு நூறாகப் பிரித்தால் கம்பெனி. வாஷிங்டனில் கட்டுப் பிரித்து, படை எங்கே நகர்ந்திருக்கிறதோ அங்கே மூட்டையை அனுப்புவார்கள். ரெஜிமென்ட்டில் பல நேரம் பாதிரியாரோ, அதற்கென்று ஒதுக்கிய ஒரு சிப்பாயோ தபால்காரர். மூட்டை பிரிபடும் இடத்தில் கூட்டம் கூடும். பெயர் கூப்பிடக் கூப்பிட வாங்கிக்கொண்டு போவார்கள். கூப்பிட்ட பெயருக்கு ஆள் இல்லாமல் போவதும் உண்டு.

ரெஜிமென்ட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஒரு கம்பெனியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் என்பது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பள்ளித் தோழன் எல்லாரும் ஒரே கூடாரத்தில். ஒருவன் எழுதிய கடிதம் பத்து வீட்டுக்குச் செய்தி சொல்லும். ஊரில் அதைச் சத்தமாக வாசிப்பார்கள், உள்ளூர்ப் பத்திரிகை வாங்கிப் போடுவதும் உண்டு. கடிதம் எழுதியவனுக்கு மட்டும் சொந்தமான ரகசியம் அல்ல என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

இந்த இடம்வரை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிடுவோம்: கட்டணம் விழுந்தது, படித்தவர்கள் கூடினார்கள், காசில்லாதவனுக்குப் பேரிங் கிடைத்தது, ஊர் பெயர் தெரியாமலே ஆளைக் கண்டுபிடிக்க ரெஜிமென்ட் எண் உதவியது. போர்க் கடிதங்கள் பெருகியதற்கு இவைதான் அடித்தளம். இனி உறையைப் பிரிக்கலாம்.

## 'நலம், நலமறிய ஆவல்'

முதல் வரி எல்லாருடையதும் ஒன்றுதான். பேனாவைக் கையிலெடுத்தேன், நான் நலம், இந்தச் சில வரிகள் உங்களையும் அதே நலத்தோடு காணும் என்று நம்புகிறேன். நம் 'நலம், நலமறிய ஆவல்' போல மனப்பாடமான வாசகம். இதைச் சடங்கென்று தாண்டிப் போகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அந்தப் போரில் மாண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குண்டு அல்ல, நோய். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, அம்மை, மலேரியா. முகாமில் நலம் என்பது அன்றைய தலைப்புச் செய்தி. வீட்டில் முதலில் தேடிப் படித்ததும் அந்த வரியைத்தான்.

அடுத்தது பணம். சம்பளம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வர வேண்டும், நான்கு மாதம் ஆறு மாதம் இழுத்தடிக்கும். வந்தால் வீட்டுக்கு எப்படி அனுப்புவது? நோட்டை உறைக்குள் வைத்தால் வழியில் காணாமல் போகலாம். ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் போன்ற தனியார் சரக்கு நிறுவனங்கள் வழியாகச் சிலர் அனுப்பினார்கள். இந்தச் சிக்கல்தான் கடைசியில் அமெரிக்க மணியார்டரைப் பிறப்பித்தது: 1864 நவம்பர் 1 முதல் தபால் நிலையத்தில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி அனுப்பலாம் என்றாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், நகரங்களில் வீடு தேடிக் கடிதம் கொடுக்கும் இலவச ஏற்பாடும் தொடங்கியிருந்தது. அதுவரை நகரத்தில் இருப்பவர்களும் தபால் நிலையத்தில் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும், வீட்டுக்கு வர வேண்டுமென்றால் தனிக்காசு. கிளீவ்லாந்து நகரில் பனிக்காலத்தில் சிப்பாய்களின் வீட்டுப் பெண்கள் அப்படி நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த ஜோசப் பிரிக்ஸ் என்ற தபால் ஊழியருக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை உண்டு.

பணத்துக்குப் பிறகு நிலம். இங்கேதான் எனக்குக் கடிதங்கள் சுவைக்க ஆரம்பிக்கின்றன. இந்தியானாவில் ஒரு விவசாயி பட்டாளத்துக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். சோளத்தை இப்போது விற்பதா, விலை ஏறட்டும் என்று காத்திருப்பதா என்று மனைவி கேட்டு எழுதுகிறாள். படை நகர்ந்துவிட்டது, கடிதம் பின்னாலேயே அலைகிறது. இரண்டு வாரம் கழித்துக் கிடைக்கிறது. அவன் பதில் வீடு சேர இன்னும் பத்து நாள். அதற்குள் சந்தை முடிந்துவிடும். முதலாண்டுக் கடிதத்தில் அவன் பன்றியை இன்னாருக்கு இன்ன விலைக்குக் கொடு என்று உத்தரவு போட்டுக்கொண்டிருப்பான். இரண்டாம் மூன்றாம் ஆண்டில் 'உனக்குச் சரியென்று பட்டதைச் செய்' என்று இறங்கி வருவதைப் பல குடும்பங்களின் கடிதக் கட்டுகளில் பார்க்கலாம். பெரிய கொள்கை மாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை. பதில் வரும்வரை பன்றி காத்திருக்காது, அவ்வளவுதான்.

கடிதத்தோடு சின்னச் சின்னப் பொருளும் போகும் வரும். பின்னிய காலுறை, உலர்ந்த ஆப்பிள், வீட்டு வாசலில் பறித்து அமுக்கிய பூ, குழந்தையின் தலைமுடி ஒரு கற்றை. முடி அனுப்புவது அந்தக் காலத்து அன்பின் அடையாளம். புகைப்படமும் அப்போதுதான் ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்திருந்தது. அப்படி ஒரு படம் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

## யாரும் பிரித்துப் படிக்கவில்லை

போர்க்களக் கடிதம் என்றாலே தணிக்கை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு உலகப் போர்களைப் பற்றிப் படித்த பழக்கம் அது. தணிக்கை என்பது மேலதிகாரி கடிதத்தைப் பிரித்துப் படித்து, வேண்டாததைக் கறுப்படிப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சாதாரணச் சிப்பாயின் கடிதத்துக்கு அப்படியொரு முறையான ஏற்பாடு இல்லை. படை எங்கே போகிறது, தளபதி எவ்வளவு மடையன், இந்தப் போர் தேவைதானா என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். இந்தக் கடிதங்களை வரலாற்றாசிரியர்கள் கொண்டாடுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

இதன் பலனாக ஒரு வினோதமும் நடந்தது. நியூயார்க் மாநிலத்துக் கிராமப் பெண் சாரா ரோசெட்டா வேக்மன், 1862இல் ஆண் உடை போட்டு லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் 153ஆம் நியூயார்க் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். கூடாரத்தில் அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பாலும் ரோசெட்டா என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறார், சம்பளப் பணமும் அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு அதிகாரி ஒரே ஒரு கடிதத்தைப் பிரித்திருந்தால் கதை முடிந்திருக்கும். 1864 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனையில் வயிற்றுப்போக்கால் இறந்தார். கல்லறையில் இருப்பது லயன்ஸ் என்ற பெயர்தான். உறவினர் வீட்டுப் பரணில் கிடந்த கடிதங்கள் 1994இல்தான் நூலாக வந்தன.

தணிக்கை இல்லை என்பதற்காக எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அம்மாவுக்கு எழுதும்போது நன்றாகச் சாப்பிடுகிறேன், பைபிள் வாசிக்கிறேன். அதே நாளில் அண்ணனுக்கு எழுதும்போது சீட்டாட்டமும் சாராயமும். கத்தரி போட அதிகாரி தேவைப்படவில்லை, அதை எழுதுகிறவனே பார்த்துக்கொண்டான்.

## தெற்கின் பாடு

தெற்கு தனக்கென்று ஒரு தபால் துறையை 1861 ஜூன் 1 முதல் நடத்தியது. ஜான் ரீகன் என்பவர் தலைமை. தபால் துறை 1863 மார்ச்சுக்குப் பிறகு தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்று அவர்களுடைய அரசியல் சட்டமே கட்டளையிட்டிருந்ததால் கட்டணமும் கூடுதல்: முதலில் 500 மைல்வரை 5 சென்ட், அதற்குமேல் 10. 1862 ஜூலையிலிருந்து எங்கே போனாலும் 10. தெற்கின் சிப்பாய்க்குச் சம்பளம் 11 டாலர், அதுவும் நாளுக்கு நாள் மதிப்பு இறங்கிய நோட்டு.

வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்துவிட்டதால் காகிதமும் அருகிப்போனது. வந்த உறையைப் பிரித்து உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி ஒட்டி மறுபடி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்தை வெட்டி உறை செய்தார்கள். காட்டுப் பழச்சாற்றை மையாக்கினார்கள். ஒரு பக்கம் நிறைந்ததும் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். பார்த்தால் பாய் முடைந்த மாதிரி இருக்கும். கொஞ்சம் பழகினால் படிக்க முடியும் என்கிறார்கள், எனக்குத் தலைதான் சுற்றியது.

எல்லைக்கு அந்தப்புறம் உறவு இருப்பவர்கள்? இரு பக்கத் தபாலும் ஒன்றுக்கொன்று வழி அடைத்திருந்தன. மீதமிருந்த முறைப்படியான வழி வெள்ளைக்கொடித் தபால்: வெள்ளைக் கொடி பிடித்த படகில், வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டை வழியாக இரு தரப்பும் மூட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் கூடாது, குடும்ப விஷயம் மட்டும், உறையை ஒட்டாமல் திறந்தே தர வேண்டும். போர்க்கைதிகளின் கடிதமும் பெரும்பாலும் இந்த வழிதான். நான் முன்னே சொன்ன 'யாரும் பிரித்துப் படிக்கவில்லை' என்பது இங்கே செல்லாது. இந்தக் கடிதங்களைக் கட்டாயம் படித்தார்கள்.

## எழுதப் படிக்க விடப்படாதவர்கள்

வடக்குப் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் அதற்கு முன்பு அடிமைகள். அடிமைக்கு எழுத்தறிவிப்பதைப் பல தென் மாநிலங்கள் சட்டம் போட்டே தடுத்திருந்தன. ஆகவே கடிதம் என்றால் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் வேறொருவர் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வாசிப்பவர் சில வேளை எஜமானியாகவே இருப்பார்.

ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் என்பவரின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். மிசூரி மாநிலம் வடக்கோடு இருந்தாலும் அடிமைமுறையும் அங்கே நீடித்தது. லிங்கனின் விடுதலைப் பிரகடனம் பிரிந்துபோன மாநிலங்களுக்கு மட்டும் என்பதால் மிசூரிக்குப் பொருந்தவில்லை. ரைஸ் தப்பிப் போய்ச் சிப்பாயாகிவிட்டார், மகள்கள் கிளாஸ்கோ என்ற ஊரில் அடிமைகளாகவே இருந்தார்கள். 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ராணுவ மருத்துவமனையிலிருந்து இரண்டு கடிதம் எழுதினார். மகள்களுக்கு ஒன்று: கலங்காதீர்கள், உயிரே போனாலும் உங்களை வந்து அழைத்துப்போவேன். மற்றொன்று ஒரு மகளின் எஜமானி கிட்டி டிக்ஸுக்கு: என் பிள்ளையை நீ எவ்வளவு நாள் வைத்திருக்கிறாயோ, நரகத்தில் அவ்வளவு நாள் கூடுதலாக எரிவாய், நாங்கள் படையோடு வருகிறோம். சாரம் இதுதான்.

அந்த ஊரின் தபால் அதிகாரி அதே டிக்ஸ் குடும்பத்துக்காரர், எஜமானியின் உடன்பிறந்தவர். கடிதங்களைப் பார்த்துக் கொதித்துப்போய், இந்த ஆளை மாநிலத்தை விட்டே அனுப்புங்கள் என்று மனு எழுதி, கடிதங்களையும் இணைத்து ராணுவத் தளபதிக்கு அனுப்பினார். மிரட்டலுக்குச் சாட்சியாக இணைத்த தாள்கள் அரசு ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. ரைஸின் குரல் இன்று நமக்குக் கேட்பது அவரை ஒடுக்க நினைத்தவரின் புண்ணியத்தில். போர் முடிந்தபின் ரைஸ் குடும்பம் செயின்ட் லூயிஸில் ஒன்றுசேர்ந்தது.

## சாவுச் செய்தி யார் சொல்வது?

சீருடை அணிந்த அதிகாரி வந்து கதவைத் தட்டுவார், அரசு முத்திரையோடு ஒரு கடிதம் வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அன்று அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. இறந்தவரின் வீட்டுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இல்லை. கழுத்தில் தொங்கும் அடையாள வில்லையை ராணுவம் தருவதில்லை. சண்டைக்கு முன் தாளில் பெயரையும் ஊரையும் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டவர்கள் உண்டு. வீட்டார் பத்திரிகையில் வரும் பெயர்ப் பட்டியலைத் தேட வேண்டும், அதிலோ எழுத்துப் பிழை. கவிஞர் வால்ட் விட்மன் 1862 டிசம்பரில் அப்படி ஒரு பட்டியலில் தம்பி ஜார்ஜின் பெயரை ஒத்த ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வர்ஜீனியாவுக்கு ஓடினார். தம்பிக்குச் சிறு காயம்தான். விட்மன் பிறகு வாஷிங்டனிலேயே தங்கி, மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் கூடாரத் தோழன், பாதிரியார், தாதி. அவர்கள் எழுதிய இரங்கல் கடிதங்களில் ஓர் ஒழுங்கு தெரியும். கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள், வலித்ததா, அம்மாவைப் பற்றி என்ன சொன்னான், கடவுளை நினைத்தானா, எந்த மரத்தடியில் புதைத்தோம். எல்லாரும் ஒரே மாதிரி எழுதியதைப் பார்த்து இவை வெறும் அச்சு வாசகம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. வீட்டில் படுக்கையில், சொந்தபந்தம் சூழ உயிர் பிரிவதுதான் அவர்களுக்கு நல்ல சாவு. மகனுக்கு அது கிடைக்கவில்லை, கிடைத்த மாதிரி ஆக்கிக் கொடுக்க முயன்றது கடிதம்.

1864 நவம்பரில் பாஸ்டன் நகரத்து பிக்ஸ்பி அம்மாளுக்கு லிங்கன் பெயரில் போன இரங்கல் கடிதம் புகழ்பெற்றது. ஐந்து மகன்களைப் பறிகொடுத்த தாய் என்கிறது அது. போரில் இறந்ததாக உறுதியாகத் தெரிந்தவர்கள் இருவர்தான். எழுதியது லிங்கனா, அவருடைய செயலாளர் ஜான் ஹேயா என்ற வழக்கும் இன்னும் ஓயவில்லை. அரசு எல்லாத் தாய்க்கும் இப்படி எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். எழுதாததால்தான் இந்த ஒன்று செய்தியானது.

இப்போது அந்தப் படத்தின் கதை. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள் சண்டை முடிந்ததும், ஊருக்குள் ஒரு வடக்குச் சிப்பாயின் உடல் கிடைத்தது. பெயரில்லை, கடிதமில்லை. கையில் மூன்று குழந்தைகளின் புகைப்படம். பத்திரிகையில் படம் அச்சிடும் வசதி அன்று இல்லாததால், குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள், என்ன உடை என்று எழுத்தால் வர்ணித்து, 'இவன் யாருடைய தகப்பன்?' என்று பிலடெல்பியா பத்திரிகை ஒன்று கேட்டது. பிற பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரில் பிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்ணுக்கு அந்த வர்ணனை எட்டியது. கெட்டிஸ்பர்க்குக்குப் பிறகு கணவன் அமோஸிடமிருந்து கடிதமே வரவில்லை. அப்படி ஒரு படத்தைத் தபாலில் அவனுக்கு அனுப்பியதே அவள்தான்.

எல்லாருக்கும் அப்படி ஒரு படம் வாய்க்கவில்லை. வடக்குப் படையில் இறந்தவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் பெயர் தெரியாமல் புதைந்தார்கள். களத்தில் காயம்பட்டவர்களுக்குத் தொண்டு செய்த கிளாரா பார்ட்டன், 1865இல் வாஷிங்டனில் காணாமற்போன சிப்பாய்களைத் தேடும் அலுவலகம் திறந்தார். குடும்பங்களிடமிருந்து வந்த விசாரணைக் கடிதம் 63,000க்கு மேல். பெயர்ப் பட்டியல்களை அச்சடித்து ஊர் ஊராகத் தபால் நிலையங்களில் ஒட்டவைத்தார். 1868க்குள் 22,000 பேரின் கதி தெரிந்தது. வேலை முடிந்து அவர் பூட்டிவிட்டுப்போன அறைகளை எல்லாரும் மறந்தேவிட்டார்கள். 1996இல், இடிக்க இருந்த கட்டடத்தில் அவை மறுபடி கண்ணில் பட்டன.

சுருக்கிச் சொன்னால், சாவுச் செய்தியும் அரசு வழியாக வரவில்லை. பேரிங் கடிதம் கொண்டுவந்த அதே பாதையில், தெரிந்தவர் ஒருவரின் கையெழுத்தில் வந்தது. அல்லது வரவே இல்லை.

## பாதி மட்டும் கேட்கும் பேச்சு

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் செல்போனில் பேசுவது நமக்குப் பாதிதான் கேட்கும். இன்று காப்பகங்களில் இருக்கும் உள்நாட்டுப் போர்க் கடிதங்களும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததை வீட்டார் பெட்டியில் போட்டு வைத்தார்கள், பேரன் பேத்தி கைக்கு வந்தது. சிப்பாய்க்கு வீட்டிலிருந்து போனது? மூட்டை கனக்கும், மழையில் ஊறும். எதிரி கையில் சிக்கி அவன் சிரித்துப் படிக்கக் கூடாதே என்று சண்டைக்கு முந்தின இரவு பலர் எரித்துவிட்டார்கள். ஆகவே ஆண்கள் எழுதியது ஏராளம், பெண்கள் எழுதியது மிகக் குறைவு. இந்தக் கணக்குத் தெரியாதவர்கள்தான் 'ஆண்கள் எழுதினார்கள், பெண்கள் காத்திருந்தார்கள்' என்று முடிவு கட்டுகிறார்கள்.

அந்த விடுபட்ட பாதியை, மிஞ்சிய பாதியைக் கொண்டே ஓரளவு மீட்கலாம். சிப்பாயின் கடிதத்தில் பதில் வாக்கியங்களைத் தேட வேண்டும். பசுவை விற்றது சரிதான், ஆனால் விலை குறைவு என்று அவன் எழுதியிருந்தால், அவள் கேட்காமலே விற்றிருக்கிறாள். நீ கேட்டதற்கு எனக்கு விடை தெரியவில்லை என்று மட்டும் ஒரு வரி இருந்தால், அவள் கேட்டது என்ன என்று முன்பின் கடிதங்களைத் துழாவ வேண்டும். சில நேரம் அகப்படும்.